மாமனாரின் மறதிக்கு செமாக்ளுடைட் மாத்திரை கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

புளியரை மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். மாமனார் விஷயமாகக் கேட்கிறேன். அவருக்கு வயது 71. பிரானூரில் ஒரு மரக்கடையில் கணக்குப் பார்த்தவர். தடியைக் கண்ணால் பார்த்தே கன அடி சொல்லிவிடுவார், அப்புறம் டேப் வைத்து அளந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. இப்போது பால்காரருக்குக் கொடுக்க நோட்டை எண்ணுகிறார், திரும்ப எண்ணுகிறார், எண்ணி முடித்துவிட்டு இது யாருக்கு என்று என் முகத்தைப் பார்க்கிறார். ஒரு வருஷமாக இப்படி இருக்கிறது. சில நாள் காலையில் சட்டை நனைய வேர்த்து, திக்பிரமை பிடித்தவர் மாதிரி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். காபி குடித்துக் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார்.

சுகர் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் சாப்பிடுகிறார். காட்டிய டாக்டர் "வயசானால் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். ஷார்ஜாவில் இருக்கும் கொழுந்தன், செமாக்ளுடைட் என்று ஒரு மாத்திரை சுகருக்கும் ஆகும், அல்சைமருக்கும் ஆகும், வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். எடை குறைக்கக் கொடுப்பதும் அதே மருந்துதானாம், குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போல வேலை செய்யுமாம். மாமா ஏற்கெனவே மெலிந்துபோய் இருக்கிறார். கொடுக்கலாமா? பசி, சர்க்கரை இவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஹார்மோனுக்கும் ஞாபகத்துக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா?

களியக்காவிளை மெடிக்கல்:

அக்கா, இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று கொழுந்தனிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் கடைக்கு எல்லைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். இதே கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கிறது.

இந்த மருந்தைச் செய்யும் நோவோ நார்டிஸ்க் கம்பெனியே இதைப் பெரிய அளவில் சோதித்துவிட்டது. இவோக், இவோக் பிளஸ் என்று இரண்டு ஆய்வுகள், மொத்தம் 3,808 பேர். 55 முதல் 85 வயது வரை, எல்லாருமே அல்சைமரின் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்கள். ஒரு பிரிவுக்குச் செமாக்ளுடைட் மாத்திரை, அளவு 14 மில்லிகிராம் வரை. இன்னொரு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை. இரண்டு வருஷம் பார்த்தார்கள். 2025 நவம்பர் 24 அன்று முடிவு வந்தது. நோய் முற்றுகிற வேகத்தில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. நோயைக் காட்டும் சில அளவீடுகள் கொஞ்சம் நல்ல பக்கமாக நகர்ந்தன. ஆனால் ஞாபகத்திலோ அன்றாடக் காரியத்திலோ அது தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மாத்திரையை வெறும் வயிற்றில், அரை டம்ளருக்கு மேல் போகாத தண்ணீரில் விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, வேறு மாத்திரையும் கூடாது. மறதிக்காரரிடம் இதைத் தினமும் நடத்துவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். பசி குறையும், குமட்டும். மெலிந்த உடம்பு இன்னும் மெலிந்து சதை வற்றினால் விழுந்து இடுப்பு உடைகிற கதையில் போய் முடியும். இந்தியாவில் இதன் காப்புரிமைக் கெடு 2026 மார்ச் வரைதான், அது முடிந்தால் உள்ளூர்க் கம்பெனிகளின் சரக்கு மலிவாக வரும். விலை இறங்கியதும் மறதிக்கு என்று கேட்டு வாங்குகிறவர்கள் கூடிவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

ஆரியங்காவு ரப்பர்:

மெடிக்கல் அண்ணாச்சி, ஒரேயடியாகக் கதவை அடைக்காதீர்கள். என் அம்மாவுக்கு அல்சைமர். என் பேர் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. நான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிக்கிறவன்.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பால் எடிசன் தலைமையில் நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. செமாக்ளுடைட்டின் அண்ணன் மாதிரியான லிராகுளுடைட் ஊசியை, சுகர் இல்லாத 204 அல்சைமர் நோயாளிகளிடம் ஒரு வருஷம் சோதித்தார்கள். 2024-ல் அதன் முடிவைச் சொன்னார்கள். மருந்து போட்டவர்களுக்கு அறிவுத்திறன் சரிவது 18 சதவீதம் மெதுவானது. ஞாபகத்துக்கு வேண்டிய பகுதிகளில் மூளை சுருங்குவதும் பாதியளவு குறைந்தது. அப்புறம், அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் பதிவேடுகளை வைத்து 2025-ல் வெளியான ஆய்வு. ஏறக்குறைய 20 லட்சம் சுகர்காரர்களின் கணக்கு அது. இந்த வகை மருந்து எடுத்தவர்களுக்கு அல்சைமர் வருவது 12 சதவீதம் குறைவு. இதெல்லாம் ஒன்றுமே இல்லையா? இந்த வழியில் ஒன்றும் இல்லை என்று கேட்கும்போது என்னைப் போன்றவனுக்கு வயிறு பற்றி எரிகிறது.

கொழிஞ்சாம்பாறை வேதியியல்:

ஆரியங்காவு தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. நீங்கள் சொன்ன இரண்டு ஆய்வும் உண்மைதான். நான் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். மருமகள் கேட்ட சம்பந்தம் உண்டா என்ற கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

சம்பந்தம் நிச்சயம் உண்டு. உடம்பின் எடையில் மூளை 2 சதவீதம்தான், ஆனால் ஓய்வாக இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 சதவீதம் அதற்குப் போகிறது. அல்சைமர் வந்த மூளையை சர்க்கரை எங்கே செலவாகிறது என்று காட்டும் ஸ்கேனில் பார்த்தால், நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்திலும் அதற்குப் பின்னாலும் உள்ள பகுதிகள் மங்கித் தெரியும். புதிய ஞாபகங்களைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. அதாவது இன்சுலின் ரத்தச் சர்க்கரையோடு நின்றுவிடுவதில்லை, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணைகிற இடத்திலும் அதற்கு வேலை இருக்கிறது.

இன்னொரு முடிச்சு இது. உபயோகம் முடிந்த இன்சுலினை உடைக்க ஒரு நொதி இருக்கிறது. அல்சைமர் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தை உடைப்பதிலும் அதே நொதிக்குப் பங்கு உண்டு. ஒரே ஆளை இரண்டு வயலுக்குக் கூலிக்கு விட்ட மாதிரிதான். சுகரின் ஆரம்பத்தில் இன்சுலின் எதிர்ப்பு வந்து, அதாவது இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போய், ரத்தத்தில் இன்சுலின் எக்கச்சக்கமாகச் சுற்றும்போது, அந்த ஆளுக்கு இந்த வயலிலேயே பொழுது போய்விடுகிறது என்பது ஒரு கருத்து. ராட்டர்டாம் நகரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999-லேயே சொல்லிவிட்டது, சுகர் உள்ளவர்களுக்கு மறதி நோய் வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று.

லெப்டினை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பணுவிலிருந்து வந்து, வயிறு நிறைந்தது போதும் என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு அதைக் கண்டுபிடித்தபோது எல்லாரும் உடல் பருமனுக்கு மருந்து என்றுதான் பார்த்தார்கள். ஆனால் ஹிப்போகேம்பஸிலும் அதற்கு ஏற்பிகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் ஜெனி ஹார்வி குழு பல வருஷமாக இதையே ஆராய்கிறது. அமிலாய்டு, நரம்பு இணைப்புகளைக் கெடுப்பதை லெப்டின் தடுக்கிறது என்று உயிரணு அளவிலான சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 2009-ல் வெளியிட்ட கணக்கு இன்னும் கூர்மையானது. ரத்தத்தில் லெப்டின் மிகக் குறைவாக இருந்த கால்வாசிப் பேருக்கு 12 வருஷத்தில் அல்சைமர் வரும் வாய்ப்பு 25 சதவீதம், மிக அதிகமாக இருந்த கால்வாசிப் பேருக்கு 6 சதவீதம். ஆனால் இதை வைத்து லெப்டினைக் கொடுத்தால் நோய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே ஆள் மெலியத் தொடங்குவார். கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். எது முன்னே, எது பின்னே என்று பிரிப்பது கஷ்டம்.

பசியைக் கிளப்பும் கிரெலினின் கதைதான் எனக்குப் பெரிய பாடம். எலியில் அது ஞாபகத்தைக் கூட்டுகிறது என்று 2006-ல் காட்டினார்கள். அதே ஏற்பியைத் தூண்டும் எம்கே-677 என்ற மாத்திரையை 563 அல்சைமர் நோயாளிகளுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்த முடிவு 2008-ல் வெளியானது. எதிர்பார்த்தபடி ரத்தத்தில் வளர்ச்சிக் காரணியின் அளவு நன்றாக ஏறியது. நோய் அசையவில்லை. இவோக்கில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான், அளவீடு நகர்ந்தது, ஆள் தேறவில்லை.

தம்பி சொன்ன லிராகுளுடைட் ஆய்வில், முதன்மையாக அளக்க நினைத்தது மூளை சர்க்கரையைச் செலவழிக்கும் அளவு. அதில் மாற்றம் கிடைக்கவில்லை. 18 சதவீதம் என்பது கூடவே பார்த்த அளவீடு. 204 பேரில் நம்பிக்கை தந்தது, 3,808 பேரில் நிற்கவில்லை. முன்னாள் படைவீரர் மருத்துவமனைக் கணக்கில் இருப்பது, நோய் வராதவர்கள் சுகருக்காக மருந்து எடுத்தது. ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்குக் கொடுப்பது வேறு விஷயம். அதனால் இந்த வழி மூடிப்போனது என்று நான் சொல்ல மாட்டேன். இன்று உங்கள் அம்மாவுக்கும் மருமகளின் மாமாவுக்கும் ஞாபகத்துக்காகக் கொடுக்கலாம் என்று சொல்லும்படி இதுவரை எதுவும் நிரூபணமாகவில்லை. நான் இதை எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

போடிமெட்டு:

மூக்கில் இன்சுலின் ஸ்ப்ரே அடித்தால் நேராக மூளைக்குப் போகும் என்று படித்தேனே, அது என்ன ஆயிற்று? வீட்டில் இருக்கும் இன்சுலினையே அப்படிப் போடலாமா? கூடவே இன்னொன்று, குமுளிப் பக்கம் சொந்தக்காரர்கள் தினம் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் கொடுத்தால் மறதி போகும் என்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை வேதியியல்:

வீட்டு இன்சுலினை மூக்கில் போடவே போடாதீர்கள். அதற்கென்று தனிக் கருவியும் அளவும் வைத்து, டாக்டர்கள் கண்காணிப்பில்தான் சோதித்தார்கள். வாசனை நரம்பு வழியாக மூளைக்குப் போய்விடும், ரத்தச் சர்க்கரை அவ்வளவாக இறங்காது என்பது யோசனை. சுசான் கிராஃப்ட் குழு 2012-ல் 104 பேரிடம் நாலு மாசம் பார்த்து நல்ல முடிவு சொன்னது. அப்புறம் 289 பேரிடம் ஒரு வருஷம் நடந்த பெரிய ஆய்வில் நடுவழியில் கருவியை மாற்ற வேண்டி வந்தது. முதலில் எடுத்த கருவி சரியாக வேலை செய்யவில்லை. மாற்றிய கருவியில் 240 பேரைப் பார்த்தபோது பலன் இல்லை என்று 2020-ல் வெளியிட்டார்கள். முதல் கருவியைப் பயன்படுத்திய 49 பேரில் கொஞ்சம் நல்லது தெரிந்தது, அதனால் கேள்வி முழுசாகத் தீரவில்லை.

தேங்காய் எண்ணெயைச் சமையலில் எப்போதும்போல் சேருங்கள். மறதியைக் குணப்படுத்தும் என்பதற்கு நம்பும்படி ஆதாரம் இல்லை.

அனந்தபுரி செவிலி:

பேச்சு மருந்து ஆராய்ச்சியிலேயே சுற்றுகிறது. மருமகள் முதல் பதிவில் எழுதியதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். காலையில் சட்டை நனைய வேர்வை, திக்பிரமை, காபி குடித்ததும் தெளிவு. காபியில் சீனி போடுகிறீர்களா அக்கா? கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மேல் இறக்கிவிடக்கூடிய மாத்திரை, 71 வயதில் அதைச் சாப்பிடுகிறவருக்கு இப்படி வந்தால் நான் முதலில் லோ சுகரைத்தான் சந்தேகிப்பேன். நான் திருவனந்தபுரத்தில் முதியோர் வார்டில் வேலை பார்க்கிறேன். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் அந்த நேரத்திலேயே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே குளுக்கோஸோ சீனித் தண்ணீரோ கொடுத்து, அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். தானாக மருந்தை நிறுத்த வேண்டாம், ஆனால் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்னால் கட்டாயம் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். சர்க்கரை மோசமாக இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலைக்குப் போன முதியவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் அதிகம் வந்ததை 2009-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

இன்னொரு ஹார்மோனை இங்கே யாரும் சொல்லவில்லை. தைராய்டு. உடம்பின் மொத்த வேகத்தையும் வைத்திருப்பது அதுதான். அது குறைந்தால் ஆள் மந்தமாகி, மறந்து, பேச்சும் மெதுவாகும். மாத்திரை கொடுத்தால் அந்த மந்தம் தெளிய வாய்ப்பு உண்டு. மறதியைத் திருப்ப உதவும் ஹார்மோன் சிகிச்சை ஒன்று இன்றைக்கே எல்லா ஊர் மெடிக்கலிலும் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தச் சோதனையைப் பார்க்காமல் வயசு என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையும், அதுவும் மறதியைக் கொண்டுவரும். இந்த இரண்டோடு சோடியம், சிறுநீரகம், ரத்த அணுக்கள், தலை ஸ்கேன். தலையில் எப்போதாவது அடிபட்டதா, மனசு உடைந்திருக்கிறாரா, காது சரியாகக் கேட்கிறதா என்றும் சொல்லுங்கள். இவ்வளவும் பார்த்தபிறகுதான் அல்சைமர் என்ற பேச்சே வரவேண்டும்.

புளியரையிலிருந்து இங்கே திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் உண்டு, அங்கே மறதிக்கென்றே கிளினிக் இருக்கிறது. எங்கே போனாலும் ஒன்றை மறக்காதீர்கள். ஞாபகச் சோதனையைத் தமிழில் நடத்தச் சொல்லுங்கள். இங்கே மலையாளத்துக்கென்று தழுவிய கேள்வித்தாள் இருக்கிறது. மாமா மலையாளம் நன்றாகப் பேசுபவராகவே இருக்கலாம், ஆனால் எழுதப் படிக்கப் பழகியது தமிழில்தானே இருக்கும். மலையாளத்தில் கேட்டு மார்க் குறைந்தால் அது நோயாலா, பழக்கமில்லாததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் கணக்குப் பிள்ளையாக இருந்தவர் என்பதையும் சொல்லுங்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் அவருக்கு அது பழகிய விஷயம், அதை வைத்து மட்டும் நன்றாக இருக்கிறார் என்றும் முடிவு செய்யக்கூடாது.

புளியரை மருமகள்:

செவிலி அக்கா, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. வேர்த்த அன்று குத்திப் பார்த்தால் 54. எனக்குக் கை நடுங்கிவிட்டது. காபியில் சீனி ஒரு கரண்டி போடுவேன், மாமா கேட்பார் என்று. தென்காசியில் வேறு டாக்டரிடம் போனோம். கிளிமிபிரைடை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார். டிஎஸ்ஹெச் சரியாக இருக்கிறது. பி12 மிகவும் குறைவு, அதற்கு ஊசி போடுகிறார்கள். காலைத் திக்பிரமை இப்போது வருவதில்லை, முகம் தெளிந்திருக்கிறது, பேப்பர் படிக்கிறார். படித்ததைத்தான் சொல்ல முடியவில்லை.

ஸ்ரீ சித்ராவில் காட்டினோம். தென்காசியிலிருந்து குளத்துப்புழை, பாலோடு வழியாகப் போகிற பஸ்ஸில் போனோம், மாமா வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். சோதனை தமிழில்தான் நடந்தது. எம்ஆர்ஐயில் ஹிப்போகேம்பஸ் சுருங்கியிருக்கிறது என்கிறார்கள். லோ சுகரும் பி12-ம் சேர்ந்து நிலைமையை மோசமாக்கியிருந்தன, ஆனால் அடியில் அல்சைமரின் ஆரம்பம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மறதி நோய்க்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரையை ஆரம்பித்திருக்கிறார்கள். செமாக்ளுடைட் பற்றி நான் கேட்டேன். வேண்டாம் என்றார், எடையைக் குறையவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கொழுந்தனிடம் சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் நல்ல குளுக்கோமீட்டரும் பட்டைகளும் அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.

ஆரியங்காவு ரப்பர்:

மைனி, காலைத் திக்பிரமை போனதே பெரிய விஷயம். அம்மாவுக்கு நானும் பி12 பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வேதியியல் சார், எனக்கு 44 வயது, சுகர் எல்லையில் இருக்கிறது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வருமா? ஹார்மோன் பக்கமிருந்து இப்போதே செய்யக்கூடியது ஏதாவது?

கொழிஞ்சாம்பாறை வேதியியல்:

அம்மாவுக்கு முதுமையில் வந்ததால் உங்களுக்கும் கட்டாயம் வரும் என்றில்லை தம்பி. ஆனால் உங்கள் வயதுதான் சரியான நேரம். 2024-ல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்க மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று கணக்கிட்டது. சுகர், ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காது கேளாமை, கண்பார்வைக் குறைவு, புகை, குடி, தனிமை எல்லாம் அதில் வருகின்றன. நம் நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய், அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேர். சுகர் உள்ளவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டார்கள். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

உழைக்கும்போது தசையிலிருந்து ஐரிசின் என்று ஒரு ஹார்மோன் வருகிறது. அது எலிகளின் ஞாபகத்தைக் காப்பதை 2019-ல் பிரேசில் விஞ்ஞானிகள் காட்டினார்கள். மனிதரிடம் மருந்தாக வரும் நாள் தெரியாது, ஆனால் நடக்க யாரும் சீட்டு எழுதித் தர வேண்டாமே. உங்கள் சுகர் டாக்டர் உங்களுக்கு, சுகருக்காகவே, செமாக்ளுடைட் எழுதினால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அது நிரூபணமான மருந்து.

புளியரை மருமகள்:

இன்னும் ஒரு சந்தேகம். டோனெபெசில் இரவில் கொடுக்கிறேன். மாமா நடுராத்திரி பயந்து எழுந்து, மரக்கடையில் தடி சரிகிறது என்று சத்தம் போடுகிறார். நிறுத்திவிடலாமா?

களியக்காவிளை மெடிக்கல்:

நீங்களாக நிறுத்தாதீர்கள் அக்கா. இரவில் கொடுக்கும்போது சிலருக்குப் பயங்கரக் கனவு வரும், இந்த மருந்தில் தெரிந்த விஷயம்தான். காலைக்கு மாற்றலாமா என்று டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். நாடித் துடிப்பும் பார்த்துவையுங்கள். ஒரு நிமிஷத்துக்கு 50-க்குக் கீழே போனாலோ தலைசுற்றி விழப்போனாலோ உடனே காட்ட வேண்டும். பேதி, வாந்தி இருந்தால் அதையும் சொல்லுங்கள், உடம்பு எடை அதில்தான் போய்விடும். மிச்சமிருக்கும் கிளிமிபிரைடு அட்டையை வீட்டில் வைக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழக்கத்தில் அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார்.